பட்டறையில் அடித்த பெரிய கத்தி: எந்த அறிகுறிக்கு என்ன செய்வது

கையால் அடித்த பெரிய கத்தி சொன்னபடி கேட்காதபோது, எல்லாரும் முதலில் சொல்வது ‘இரும்பு சரியில்லை’ என்பதுதான். பழுதுபார்க்க என்னிடம் வரும் கத்திகளில் பெரும்பாலானவற்றின் இரும்பு நன்றாகவே இருக்கிறது. வாய் தீட்டிய கோணம் தப்பியிருக்கும், பிடி தளர்ந்திருக்கும், அல்லது வெட்டும் கை அவசரப்பட்டிருக்கும். இவை எல்லாம் வீட்டிலேயே சரியாகக்கூடியவை. இரும்பைக் குறை சொல்லி முதல் வேலையாகச் சாணைச் சக்கரத்தில் கொடுத்துவிடும்போதுதான் நல்ல கத்தி நிஜமாகவே கெட்டுப்போகிறது. அதனால் கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலிலும் செலவு பிடிக்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். அந்த வரிசையைத் தாண்டிப் போகாதீர்கள்.

நேபாளத்துக் குக்ரி, மலாய் நாட்டுப் பராங், பிலிப்பைன்ஸ் போலோ போன்ற இனத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். அலகு 20 முதல் 35 செ.மீ. நீளம், முதுகு 4 முதல் 10 மி.மீ. தடிமன். கிளை கழிப்பது, விறகு பிளப்பது, புதர் ஒதுக்குவது, முளை சீவுவது என எல்லாவற்றுக்கும் கைகொடுக்கும் கத்தி. துருப்பிடிக்கக்கூடிய கார்பன் எஃகில், பெரும்பாலும் பழைய வண்டிப் பட்டையில் (லீஃப் ஸ்பிரிங்) அடித்ததாக இருக்கும். கீழே ‘வாய்’ என்றால் வெட்டும் விளிம்பு. ‘தோள்’ என்றால் வாய்க்குச் சற்று மேலே தடித்திருக்கும் பகுதி. ‘வால்’ என்றால் பிடிக்குள் போகும் இரும்பு.

எந்தச் சோதனைக்கு முன்னும் அலகைத் துடைத்து, வாயைத் தடித்த துணியாலோ பிளந்த ரப்பர் குழாயாலோ மூடிக்கொள்ளுங்கள். வாயைத் திறந்துவைக்க வேண்டிய இடங்களில் மட்டும் திறக்கலாம்.

அறிகுறி 1: வெட்டு இறங்கவில்லை

ஓங்கி வெட்டினாலும் மரத்தில் மேலோட்டமாகவே பதிகிறது. பத்து வெட்டில் முடியும் வேலைக்கு முப்பது வெட்டு ஆகிறது.

முதலில் பிசின். பச்சை மரம் வெட்டியிருந்தால் வாய்க்குப் பக்கத்தில் பழுப்பாக ஒரு படலம் ஒட்டியிருக்கும். கூர் இருந்தும் அது இழுத்துப் பிடிக்கும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் முதுகிலிருந்து வாய்ப்பக்கமாகத் துடைத்துவிட்டு மறுபடி வெட்டிப் பாருங்கள். இதோடு தீர்ந்துபோன கத்திகள் நிறைய.

அடுத்தது மழுங்கல். ஒரு விளக்கின் கீழ் வாயை மேல்நோக்கிப் பிடித்து நேராகப் பாருங்கள். கூர்மையான வாய் கண்ணுக்கே தெரியாது. வெள்ளைக் கோடாகவோ புள்ளியாகவோ எங்கெல்லாம் மினுங்குகிறதோ அங்கெல்லாம் மழுங்கியிருக்கிறது. மினுக்கம் வயிற்றுப் பகுதியில் (வாய் புடைத்து வளைந்திருக்கும் இடத்தில்) மட்டும் இருந்தால் அங்கே மட்டும் கல்லைப் பிடித்தால் போதும். முழுக் கத்தியையும் தேய்க்க வேண்டியதில்லை.

மினுக்கம் இல்லை, ஆனாலும் இறங்கவில்லை என்றால் பிசிறைத் தேடுங்கள். விரல் நகத்தை முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக, வாயைத் தாண்டி வெளியே போகும்படி மெல்ல இழுங்கள். வாயின் நீளவாக்கில் ஒருபோதும் ஓட்டாதீர்கள். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் நகம் தட்டுவதாகவும் இருந்தால், தீட்டியபோது எழுந்த பிசிறு விழாமல் நிற்கிறது. மென்மையான கல்லில், இரண்டு பக்கமும் மாறி மாறி, மிக இலேசாக ஐந்தாறு முறை இழுத்தால் அது உதிரும். பிறகு ஒரு தோல் பட்டையில் வாயை இழுக்கும் திசைக்கு எதிராக, அதாவது முதுகு முன்னே போகும்படி, பத்து முறை.

இவை எதுவும் இல்லையென்றால் தோள் தடித்துவிட்டது. வருடக்கணக்கில் வாயை மட்டுமே தீட்டித் தீட்டிக் கத்தியின் அகலம் குறைந்திருக்கும். வாய் இப்போது அலகின் தடித்த பகுதிக்கு ஏறிவிட்டது. காகிதத்தை அறுக்கும், மரத்தில் இறங்காது என்பது இதன் அடையாளம். தோளைக் கரடான கல்லிலோ அரத்திலோ தாழ்வாகச் சாய்த்துப் பிடித்துக் குறைக்க வேண்டும். கையால் செய்தால் ஒரு முழு மாலை ஆகும், அவசரம் வேண்டாம். தோளில் தெரியும் கூர்மையான முனைப்பு மழுங்கி, முட்டை வளைவு போல வாய்க்கு இறங்கினால் பெரிய கத்திக்கு அதைவிட நல்ல வடிவம் இல்லை. அந்த வடிவம் மரத்தை விலக்கிக்கொண்டே இறங்கும், சிக்காது.

தொழிலாளியிடம் எப்போது? வாயிலிருந்து 5 மி.மீ. மேலேயே அலகு 3 மி.மீ.க்கு அதிகமாகத் தடித்திருந்தால் அரத்தோடு போராட வேண்டாம். தண்ணீரில் நனைத்தபடி சாணை பிடிப்பவரிடமோ, அடித்த பட்டறையிலோ கொடுங்கள்.

அறிகுறி 2: தீட்டுகிறேன், கூர் நிற்கவில்லை

இந்த ஒரு புகாருக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிக்கிறேன். இதன் காரணங்கள் ஒன்றுக்கொன்று வேறானவை, வெளியில் தெரியும் அடையாளமோ ஒன்றே.

*கத்தி புதிதா?* உலையில் காயும்போது இரும்பின் மேல்தோலிலுள்ள கார்பன் எரிந்துபோகும். அந்த மெல்லிய தோல் மென்மையானது. பட்டறையில் அதைப் போதுமான அளவு தேய்க்காமல் விட்டிருந்தால், முதல் கூர் அந்தத் தோலில்தான் நிற்கும், அதாவது நிற்காது. இரண்டு மூன்று முறை முழுமையாகத் தீட்டுங்கள். உள்ளே உள்ள நல்ல இரும்பு வெளிப்பட்டதும் கத்தி வேறு கத்தியாகிவிடும். புதுக் கத்தியை முதல் மாதத்திலேயே திருப்பிக் கொடுக்கப் போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதை மட்டும்தான்.

*கல் வாயைத் தொடுகிறதா?* வாயின் இரண்டு பக்கமும் கருப்பு மார்க்கரால் பூசிவிட்டு, வழக்கம்போல நாலைந்து முறை தீட்டுங்கள். மை தோளில் மட்டும் அழிந்து வாயில் அப்படியே இருந்தால், கல் வாயைத் தொடவே இல்லை; இத்தனை நாள் தோளைத்தான் பளபளப்பாக்கியிருக்கிறீர்கள். வாயில் மட்டும் ஒரு மெல்லிய கோடாக அழிந்தால் கத்தியை அதிகமாக நிமிர்த்துகிறீர்கள்.

*கோணம் பொருந்துகிறதா?* ஒரு பக்கத்துக்கு 15 பாகை சமையலறைக் கத்திக்கு நல்லது. ஓங்கி வெட்டும் கத்திக்கு அது மெல்லிசு. 20 முதல் 25 பாகை வையுங்கள். கோணம் பார்க்கக் கருவி தேவையில்லை. அலகின் அகலம் 50 மி.மீ. என்றால், கல்லிலிருந்து முதுகு 17 மி.மீ. உயர்ந்தால் ஏறத்தாழ 20 பாகை, 21 மி.மீ. உயர்ந்தால் 25 பாகை. அந்த உயரத்துக்கு ஒரு மரத்துண்டைச் செதுக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவ்வப்போது முதுகைத் தொட்டுப் பார்த்தால் கை பழகிவிடும்.

*பழுது அலகின் எந்த இடத்தில்?* எல்லாக் கத்திக்கும் முழு நீளமும் ஒரே கடினம் இருக்காது. குக்ரிக்குத் துவைச்சல் வைக்கும்போது, சிவக்கக் காய்ந்த அலகின் வாயில் கெண்டியால் தண்ணீரை ஊற்றிக் கடினமாக்கும் முறை உண்டு. அதிகம் தண்ணீர் பட்ட வயிற்றுப் பகுதி கெட்டியாகும். பிடிக்கு அருகிலும் முதுகிலும் மென்மையாகவே இருக்கும். பிடிப்பக்கம் மட்டும் சீக்கிரம் மழுங்கினால் அது பழுதல்ல, கத்தியின் இயல்பு. அந்தப் பகுதியில் சிறு சீவல் வேலையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

*அரச் சோதனை.* நல்ல நிலையிலுள்ள சிறு அரம் ஒன்றை வாயின் ஓரத்தில் ஒரே ஒரு முறை இலேசாக இழுங்கள். பிறகு முதுகில் ஒரு முறை. முதுகில் அரம் கடித்துக்கொண்டு துகள் எடுக்க வேண்டும். வாயில் கொஞ்சம் வழுக்கி, தயங்கித் தயங்கிக் கடிக்க வேண்டும். இரண்டிலும் ஒரே மாதிரி வெண்ணெய்போல இறங்கினால் வாயில் துவைச்சலே ஏறவில்லை, அல்லது ஏறியது போய்விட்டது.

போய்விட்டது என்றால் பெரும்பாலும் காரணம் சாணைச் சக்கரம். வாய் மெல்லியது, உலர்ந்த சக்கரத்தில் இரண்டு மூன்று நொடியில் சூடேறிவிடும். இரும்பு 220 பாகை செல்சியஸ் அளவில் வைக்கோல் நிறம் காட்டும், 300 பாகையை நெருங்கினால் நீலம் பாயும். வாயில் நீலம் தெரிந்தால் அந்த இடத்தின் பதம் கெட்டுவிட்டது. பளபளவென்று தேய்த்து நிறத்தை அழித்துவிடலாம், பதம் திரும்ப வராது. என் முதல் கத்தியை நானே இப்படிக் கெடுத்தேன். ஒரு விரல் நீளத்துக்கு நீலம் ஓடியது. அதைத் தேய்த்து மறைத்துவிட்டு, கூர் ஏன் நிற்கவில்லை என்று ஒரு வருடம் தேடிக்கொண்டிருந்தேன்.

நீலம் பாய்ந்தது 1 அல்லது 2 மி.மீ. அளவுதான் என்றால், கையால் கல்லில் அந்தப் பகுதியைத் தாண்டித் தேய்த்து இறக்கலாம். அதற்கு மேல் போனால் கொல்லர்தான் வழி. பிடியைக் கழற்றி, அலகு முழுவதையும் மறுபடி காய்ச்சி, துவைச்சல் வைத்து, பதம் இறக்க (நொறுங்காதபடி மறுபடி மிதமாகச் சூடாக்க) வேண்டும். அந்த வேலையில் அலகு கோணவோ விரிசல் விடவோ கூடும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு கொடுங்கள். வீட்டு அடுப்பில் இதை முயலாதீர்கள்.

அறிகுறி 3: வாய் சிதைகிறது

முதல் கேள்வி ஒன்றே: மடிந்திருக்கிறதா, சில்லுப் போயிருக்கிறதா? இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிரானது. கண்ணால் பார்த்தால் இரண்டும் பல் மாதிரியே தெரியும். நகத்தால் தடவினால் தெரிந்துவிடும். மடிந்த இடத்தில் இரும்பு ஒரு பக்கம் சாய்ந்து நகத்தைத் தடுக்கும். சில்லுப் போன இடத்தில் இரும்பே இருக்காது.

*மடிந்திருந்தால்:* கோணம் மெல்லிசாக இருக்கலாம், அல்லது வெட்டு நடுவில் கத்தியைப் பக்கவாட்டில் திருகியிருக்கலாம். சிறிய மடிப்பை வழவழப்பான எஃகுக் கம்பியால், வாயிலிருந்து விலகும் திசையில் மெல்ல நீவி நிமிர்த்துங்கள். பிறகு 25 பாகையில் ஒவ்வொரு பக்கமும் பத்துப் பதினைந்து முறை தீட்டி, வாயின் நுனிக்கு மட்டும் ஒரு சிறு தடிப்புக் கொடுங்கள். அதற்குப் பிறகும் அதே மரத்தில் மடிந்தால் மேலே சொன்ன அரச் சோதனைக்குத் திரும்புங்கள்.

*சில்லுப் போயிருந்தால்:* எதன் மேல் பட்டது என்று முதலில் நினைத்துப் பாருங்கள். தரையில் வைத்து வெட்டினால் மண்ணிலுள்ள கல் போதும். பழைய மரத்தில் ஆணி இருக்கும். காய்ந்த கணு ஒன்றே சில்லை எடுத்துவிடும். கடுங்குளிரில் மரம் உறைந்து இறுகும், இரும்பும் நொறுங்கும் தன்மை கொள்ளும். அப்போது முதல் சில வெட்டுகளை மெதுவாகப் போட வேண்டும்.

அரை மி.மீ.க்குக் குறைந்த சில்லை விட்டுவிடுங்கள். அடுத்த சில தீட்டல்களில் தானே மறையும். வேலைக்கு அது குறுக்கே வராது. 1 முதல் 2 மி.மீ. என்றால் கரடான கல்லில் வாயைச் செங்குத்தாக வைத்து, பள்ளத்தின் அடி மட்டத்துக்கு முழு வாயையும் சமமாக இறக்கிவிட்டு, பிறகு புதிதாகக் கூர் எடுங்கள். பள்ளத்தை மட்டும் நோண்டினால் அரிவாள் வளைவுபோல ஒரு குழி நிரந்தரமாகிவிடும்.

பிறை வடிவத்தில் 3 மி.மீ.க்கு மேல் பெயர்ந்திருந்தாலோ, பச்சை மரம்போன்ற மெதுவான பொருளிலேயே சில்லுப் போனாலோ, பதம் இறக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று பொருள். இதைத் தீட்டித் தீர்க்க முடியாது. மேற்கொண்டு ஓங்கி வெட்டாமல் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். சில்லின் அடியிலிருந்து அலகுக்குள் மயிரிழைபோல ஒரு கோடு ஏறுகிறதா என்று பார்க்கவும் மறக்காதீர்கள். இருந்தால் கடைசி அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி 4: பிடி ஆடுகிறது

இங்கேதான் ஆளுக்குக் காயம் படுகிறது. மற்ற எந்தப் பழுதோடும் ஒரு நாள் சமாளிக்கலாம். ஆடும் பிடியோடு ஒரு வெட்டுக்கூடப் போடக் கூடாது. அலகு கழன்று பறந்தால் அது எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சோதனை: வாய்க்கு உறை போட்டு, ஒரு கையால் அலகையும் மறுகையால் பிடியையும் பிடித்து மேலும் கீழும், பிறகு பக்கவாட்டில் அசையுங்கள். ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும், அல்லது பிடியும் அலகும் சேரும் இடத்தில் வைத்த கட்டைவிரலுக்கு அசைவு தெரியும். சந்தேகமாக இருந்தால் அந்த இணைப்பில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு அசைத்துப் பாருங்கள். எண்ணெய் உள்ளே இழுபட்டு வெளியே வந்தால் உள்ளே இடைவெளி இருக்கிறது.

அடுத்து, உங்கள் பிடி எந்த வகை என்று பாருங்கள்.

*வால் உள்ளே செருகிய பிடி.* வெளியே பூண் மட்டும் தெரியும். மரம் காய்ந்து சுருங்கியதே முதல் காரணம். பிடியைத் தண்ணீரில் ஊறப்போட்டால் இறுகும் என்று பலர் செய்கிறார்கள். இறுகும், காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும், உள்ளே வாலும் துருப்பிடிக்கத் தொடங்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உறையிட்ட அலகு மேலே நிற்க, பிடியின் அடியை ஒரு மரக்கட்டை மேல் செங்குத்தாக நாலைந்து முறை தட்டுங்கள். அலகின் சொந்த எடையே வாலை உள்ளே இறக்கும். இறுகினால் பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் பூசி ஒரு வாரம் ஆறவிடுங்கள். (எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்துவிட்டு அப்புறப்படுத்துங்கள்.)

தட்டியும் இறுகவில்லை என்றால் உள்ளே இருக்கும் அரக்கோ பசையோ உடைந்துவிட்டது. அரக்கு வைத்த பழைய பிடி என்றால், அலகைச் சுற்றி ஈரத்துணி கட்டி, பூணுக்கு அருகே வாலின் தொடக்கத்தை மட்டும் சூடாக்கினால் அரக்கு இளகும். நேராக அழுத்திப் பிடித்தால் குளிரும்போது மறுபடி பிடித்துக்கொள்ளும். ஈரத்துணி இல்லாமல் செய்தால் அலகின் பதம் போய்விடும். அரக்கு இல்லாத பிடிக்கு, வாலை முழுவதும் வெளியே எடுத்து, துருவைச் சுரண்டி, கரடான உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, துளையின் தூசியை ஊதி, இரண்டு பகுதி கலக்கும் எபாக்சி பசையை நிரப்பிச் செருகுங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை வேண்டாம், ஒரு நாள் எடுக்கும் வகைதான் அதிர்ச்சியைத் தாங்கும். செருகிய பின் அலகு நேராக இருக்கிறதா என்று முதுகின் வழியே கண்ணை ஓட்டிப் பாருங்கள்; பசை இறுகிய பிறகு திருத்த முடியாது.

*வால் பிடியை ஊடுருவி அடியில் மடக்கி அடித்த வகை.* அடியில் தெரியும் இரும்புப் பொட்டு தளர்ந்திருக்கும். அலகைத் துணிசுற்றி வைஸில் இறுக்கி, அந்தப் பொட்டைச் சிறு சுத்தியலால் சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டினால் மரம் மறுபடி அழுந்தும். ஒரே அடியில் இறுக்க நினைத்தால் பிடி பிளந்துவிடும்.

*முழு வால், இரண்டு பலகை, ஆணிகள்.* எந்த ஆணி ஆடுகிறது என்று பாருங்கள். செம்பு, பித்தளை ரிவெட் என்றால் கீழே ஒரு இரும்புக் கட்டை வைத்து மறுபக்கத் தலையைத் தட்டி விரிக்கலாம். பலகைக்கும் இரும்புக்கும் நடுவே தாள் நுழைகிறது என்றால் ஆணியை மட்டும் இறுக்குவது பயன் தராது. பலகையைக் கழற்றி, உள்ளே துரு எடுத்து, பசையோடு மறுபடி பூட்ட வேண்டும். இறுக்கும்போது பசை முழுவதும் பிதுங்கி வெளியேறும் அளவுக்கு அழுத்த வேண்டாம். நடுவே கொஞ்சம் பசை நின்றால்தான் பிடிக்கும்.

இணைப்பிலிருந்து பழுப்பு நிறத்தில் கண்ணீர்போலக் கசிவு வந்தால், உள்ளே வால் அரித்துக்கொண்டிருக்கிறது. வாலைக் கழற்றிப் பார்த்து, மிகத் தடித்த இடத்தின் பாதியைவிட மெலிந்து அரித்திருந்தால் கொல்லரிடம் கொடுத்துப் புது வால் பற்றவைக்கலாம், அல்லது அதை ஓங்கும் வேலையிலிருந்து விடுவிக்கலாம். என் தீர்ப்பு இரண்டாவது. அதிர்ச்சி எல்லாம் வந்து சேரும் இடத்தில் ஒரு பற்றை நம்பிக் கையை வைக்க எனக்கு மனம் வருவதில்லை.

அறிகுறி 5: கை கொப்பளிக்கிறது, மணிக்கட்டு அதிர்கிறது

பிடியில் சாக்பீஸ் தடவி, சாதாரணமாக இருபது வெட்டுப் போடுங்கள். எங்கே சாக்பீஸ் முழுவதும் அழிந்து, கையிலும் அதே இடம் சிவக்கிறதோ அங்கே பிடி உறுத்துகிறது. அந்த இடத்தை மட்டும் 80, 120, 240 என்று உப்புத்தாளால் இறக்குங்கள். வார்னிஷ் பூசிப் பளபளக்கும் பிடியே கொப்பளத்துக்குப் பெரிய காரணம். அதைச் சுரண்டிவிட்டு எண்ணெய் ஏற்றினால் கை சுகமாக இருக்கும். பிடி முழு வட்டமாக இருந்தால் வெட்டும்போது கைக்குள் சுழலும், நீங்கள் அதை அடக்கவே இறுக்கிப் பிடிப்பீர்கள். இரண்டு பக்கமும் கொஞ்சம் சீவி முட்டை வடிவுக்குக் கொண்டுவாருங்கள்.

அதிர்வுக்குக் காரணம் வேறு. கத்தியைப் பிடியில் இரண்டு விரலால் தளர்வாகத் தொங்கவிட்டு, ஒரு குச்சியால் முதுகில் நுனியிலிருந்து பிடி வரை தட்டிக்கொண்டே வாருங்கள். ஓர் இடத்தில் தட்டும்போது மட்டும் விரலில் நடுக்கம் தெரியாது. அந்த இடத்தில் அடிபட வேண்டும். நுனியால் வெட்டிக்கொண்டிருந்தால் அதிர்வு முழுவதும் மணிக்கட்டுக்குத்தான். இடத்தைக் கண்டுபிடித்து முதுகில் ஒரு மார்க்கர் கோடு போட்டு ஒரு வாரம் பழகுங்கள். கோட்டில் அடித்தும் வலி தொடர்ந்தால் கத்தியை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

அறிகுறி 6: கத்தி தெறிக்கிறது, அல்லது மரத்தில் சிக்குகிறது

*தெறித்தால்:* மழுங்கலை முதலில் பாருங்கள், அறிகுறி 1. கூர் சரி என்றால் அடி விழும் கோணம். மெல்லிய, வளைந்து கொடுக்கும் தண்டை நேராக அடித்தால் அது பின்வாங்கிக் கத்தியைத் தள்ளிவிடும். ஒரு கையால் தண்டை வளைத்து, வளைவின் வெளிப்புறத்தில், வேருக்கு அருகே சாய்வாக ஒரே இழுப்பு; இறுகி நிற்கும் நார் உடனே விட்டுக்கொடுக்கும். வளைத்துப் பிடிக்கும் கை வெட்டு போகும் பாதைக்கு வெளியே, மேலே இருக்க வேண்டும். ஓங்குவதற்கு முன் கத்தியை நீட்டி ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். அந்த வட்டத்துக்குள் ஆள், கொடி, கிளை எதுவும் இருக்கக் கூடாது. தாழ்வான வேலைக்கு முழங்காலிட்டுக்கொள்ளுங்கள், குறி தவறினால் கத்தி மண்ணில் போகும், காலில் போகாது. பிடியிலுள்ள கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக் கட்டாதீர்கள். கை நழுவிய கத்தி அந்தக் கயிற்றில் ஆடித் திரும்பி வந்து உங்களையே வெட்டும்.

*சிக்கினால்:* ஒரே கோட்டில் நேராக இறக்கியிருப்பீர்கள். 45 பாகை சாய்த்து இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று வெட்டிச் சிம்புகளைத் தெறிக்கவிடுங்கள். மேலே கிளையின் தடிமன் அளவுக்காவது அகலம் இருக்கும்படி வெட்டுக்குழியைத் தொடங்குங்கள். சிக்கிய கத்தியைப் பக்கவாட்டில் முறுக்கி எடுப்பதால்தான் வாய் மடிகிறது, வால் ஆடுகிறது. பிடியை மேலும் கீழும் அசைத்து, அலகின் தளத்திலேயே எடுங்கள்.

*பிளக்கும்போது நடுவில் நின்றுவிட்டால்:* முதுகின் மேல் மரத்தடியால் மட்டுமே தட்ட வேண்டும். இரும்புச் சுத்தியல் முதுகைச் சிதைத்துத் துகளைக் கண்ணில் தெறிக்கவைக்கும். கட்டையின் குறுக்களவு அலகைவிட 5 செ.மீ.யாவது குறைவாக இருந்தால்தான் வெளியே நீளும் நுனியில் தட்ட இடம் கிடைக்கும். கணு தட்டுப்பட்டால் அடிப்பதைக் கூட்டாதீர்கள். கத்தியை எடுத்துவிட்டு வேறு பக்கமிருந்து தொடங்குங்கள், அல்லது ஒரு மர ஆப்பைச் செருகி அதை அடியுங்கள். வால் செருகிய பிடியுள்ள கத்தியில் இந்த வேலையை மிகக் குறைவாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

அறிகுறி 7: அலகு வளைந்திருக்கிறது

முதுகின் வழியே ஒற்றைக் கண்ணால் பாருங்கள். முழு நீளத்துக்கு 2 மி.மீ. வரை கோணல் என்றால் அப்படியே பயன்படுத்துங்கள், வெட்டு மாறாது. அதற்கு மேல் என்றால் கொல்லரிடம். முழு அலகும் கடினமாகத் துவைத்த கத்தியைக் குளிர்ந்த நிலையில் வைஸில் வளைத்தால் அது நிமிராது, ஒடியும்.

அறிகுறி 8: துரு, கறை

கருமையாக, சாம்பல் நிறமாக, துடைத்தாலும் கையில் ஒட்டாமல் இருந்தால் அது கெடுதல் அல்ல, விட்டுவிடுங்கள். செம்பழுப்பாகப் பொடி ஒட்டினால்தான் துரு. எண்ணெய் தொட்ட மெல்லிய இரும்பு நாரால் தேய்த்து, துடைத்து, மறுபடி மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. துரு மறுபடி மறுபடி ஒரே இடத்தில் வந்தால் உறையைச் சந்தேகியுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், பதனிட்ட தோலிலுள்ள பொருள்களும் இரும்பை அரிக்கும். நாள்கணக்கில் வைக்கும்போது கத்தி உறைக்கு வெளியே இருக்கட்டும். அலகின் நடுவே சிறு குழிகள் இருந்தால் பாதகமில்லை. வாயில் குழி விழுந்தால் அந்த ஆழத்துக்கு இறக்கித் தீட்ட வேண்டும்.

உறையே தளர்ந்து கத்தி தானாக வழுக்கி விழுந்தால், தோலை இலேசாக நனைத்து, அலகை எண்ணெய் பூசி மெல்லிய நெகிழித் தாளில் சுற்றி உள்ளே செருகி, கையால் அழுத்தி வடிவம் கொடுத்துக் காயவிடுங்கள். தையல் அறுந்திருந்தால் அதே நாளில் தைத்தாக வேண்டும். உருவும்போது உறையைப் பிடிக்கும் கையின் விரல்கள் வாய்ப்பக்கத்தைச் சுற்றி இருக்கவே கூடாது. தையலை அறுத்துக்கொண்டு வரும் வாய் விரலையும் அறுக்கும்.

அறிகுறி 9: சத்தம் மாறிவிட்டது, அல்லது ஒரு கோடு தெரிகிறது

அலகை நுனி விரல்களில் தொங்கவிட்டுக் குச்சியால் தட்டினால் வழக்கமாக மணி போல ஒலிக்கும் கத்தி, இப்போது சட்டி உடைந்ததுபோல ஒலிக்கிறது. பிடி ஆடினாலும் இப்படி ஒலிக்கும் என்பதால் அறிகுறி 4-ஐ முதலில் முடியுங்கள். பிடி இறுகியிருந்தும் பழைய மணி ஒலி திரும்பவில்லை என்றால் விரிசலைத் தேடுங்கள்.

மண்ணெண்ணெயால் அலகு முழுவதும் நனைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். காய்ந்த துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியை மெல்லிசாகப் பூசுங்கள். விரிசலுக்குள் இறங்கியிருந்த எண்ணெய் சிறிது நேரத்தில் மேலே கசிந்து, வெள்ளைப் பொடியில் ஒரு கருங்கோடாகத் தெரியும். வாயிலிருந்து முதுகை நோக்கி ஏறும் கோடும், வால் தொடங்கும் கழுத்தில் குறுக்காக ஓடும் கோடும் மிக மோசமானவை. பட்டறை நெருப்பில் அடிக்கும்போது படிந்த நீளவாக்குக் கோடு வேறு. அதில் எண்ணெய் கசியாது.

கோடு வாயில் 2 மி.மீ.க்குள் நின்றுவிட்டால் அதைத் தாண்டித் தேய்த்து இறக்கிவிட்டு, மறுபடி அதே சோதனையைச் செய்யுங்கள். அதைவிட ஏறியிருந்தாலோ, கழுத்தில் இருந்தாலோ வீட்டில் செய்யக்கூடியது எதுவும் இல்லை, பற்றவைக்கவும் கேட்காதீர்கள். அடித்தவரிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள். என்ன மரம் வெட்டினீர்கள், எந்தக் குளிரில், முதுகில் எதனால் அடித்தீர்கள், யார் எந்தச் சக்கரத்தில் சாணை பிடித்தார்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நல்ல கொல்லர் முறிவின் உள்முகத்தைப் பார்த்தே, அடுத்த கத்திக்குத் துவைச்சலை எப்படி மாற்றுவது என்று முடிவுசெய்வார். உடைந்த துண்டு இருந்தால் அதையும் தேய்க்காமல் அப்படியே கொண்டுபோங்கள்.

எந்தப் பழுது நீக்கிய பிறகும் கத்தியை நேராகக் கடின வேலையில் இறக்க வேண்டாம். மெதுவான பச்சை மரத்தில் அரை விசையில் பத்து வெட்டு. நின்று, இணைப்பில் கட்டைவிரல் வைத்து அசைத்துப் பாருங்கள், வாயை விளக்கொளியில் பாருங்கள். பிறகு முழு விசையில் இருபது வெட்டு, மறுபடி அதே இரண்டு சோதனை.